படம் மூன்று, எண் இருபத்து நான்கு

இன்னும் ஆரம்பிக்கவில்லை. திரையில், பேட்டன்ட் ஹியரிங்கை நடத்தும் கன்ட்ரோலர் ஜெயசிங் சாரின் பெயர் கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கிறது, கீழே மூலையில் என் முகம். ஹியரிங்கில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டிய எக்ஸாமினருக்கு முகம் எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் இருக்கிறது, நான் எங்கே பார்த்தாலும் அது என்னைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே பார்க்கிறது. பொட்டு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. சரிசெய்யக் கையைத் தூக்கினால் மூலையில் இருப்பவள் வேறு கையைத் தூக்குகிறாள். தப்பு செய்தவளின் முகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டு வந்த அரசாங்க முகம். சாப்பிடவே இல்லை. டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தைப் பார்த்துவிட்டு மூடினேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிந்தது. ஹியரிங் குறிப்பைக் கடைசியாக ஒருதரம் சரிபார்த்துவிடலாம் என்று அந்த ஜப்பான் ஆவணத்தைத் திறந்தேன், படத்தை இல்லை, எழுத்தை, இயந்திரம் மொழிபெயர்த்த கரடுமுரடான ஆங்கிலத்தை, பாதி புரியாது என்பதால் நான் எப்போதும் தொடாத பக்கங்களை. அங்கே இருந்தது. படம் மூன்றில் இருபத்து நான்கு என்று எண்ணிட்ட பகுதி, சரமாக ஓடும் டெர்மினல்களை முலாம் பூசும்போது ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கானது, முலாம் முடிந்ததும் வெட்டி எறியப்படும். வெட்டி எறியப்படும். நான் அதைத்தான் ஸ்பிரிங்குக்கு அடியில் நிற்கிற தடுப்பு என்று எழுதியிருக்கிறேன். எழுதி, கையெழுத்துப் போட்டு, கோயம்புத்தூரில் ஒரு மனிதருக்கு, உங்கள் கண்டுபிடிப்பு புதிதில்லை, ஜப்பானில் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று அனுப்பியிருக்கிறேன். குப்பைக்குப் போகிற ஒரு துண்டைக் காட்டி.

பொருள் என்னவோ சின்னதுதான், சுண்டுவிரல் நகத்தளவு. ஸ்கூட்டரில், மிக்ஸியில், மோட்டார் பம்ப்பில், எங்கெல்லாம் இரண்டு ஒயர் சேர்கிறதோ அங்கெல்லாம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், டெர்மினல் என்கிற பித்தளைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங் தகடு மடங்கிப் படுத்திருக்கும். எதிர்ப் பக்கத்து ஊசி உள்ளே நுழைந்ததும் தகடு அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதன் ஜோலி. மெக்கானிக் அவசரத்தில் கோணலாகக் குத்தினாலோ டெஸ்டர் முனையை விட்டுக் குடைந்தாலோ தகடு அளவுக்கு மேல் வளைந்துவிடும், பிறகு எழுந்திருக்காது. பிடி தளரும், சூடேறும், உருகும். எனக்கே நடந்திருக்கிறது, மேம்பாலத்தின் உச்சியில், மழையில், பின்னால் பஸ்காரன் ஹார்னை அமுக்கிக்கொண்டே நிற்க, ஸ்கூட்டர் பொசுக்கென்று அணைந்தது. வெந்த பிளாஸ்டிக் நாற்றம், மூக்குக்குள்ளேயே குடியிருந்தது, குளித்தும் போகவில்லை. இப்போதுகூட வருகிறது, ஏசி ரூமில். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் மாரப்பன் செய்தது இதற்கு மருந்து. பெட்டியின் அடிச்சுவரிலிருந்தே ஒரு சின்ன உதட்டை வெட்டி உள்பக்கமாக மடித்து ஸ்பிரிங் தகட்டுக்குக் கீழே நிறுத்தியிருக்கிறார். தகடு வளைந்து வந்து அந்த உதட்டின் மேல் உட்கார்ந்துவிடும், அதற்கு மேல் போகாது, போகாததால் கெடாது. இதென்ன பெரிய விஷயம், யாருக்கும் தோன்றுமே என்று சொல்லலாம், ஒருத்தருக்குத் தோன்றிய பிறகு. படித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே இது எங்காவது ஏற்கெனவே இருக்கும் என்று தோன்றியது, பம்ப்செட்டுக்கு ஸ்டார்ட்டர் செய்கிற ஒரு பட்டறைக்காரருக்கு இது முதலில் தோன்றியிருக்காது என்று தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது. தேடினேன், தேடியது கிடைத்தது. பெட்டி, பெட்டிக்குள் தகடு, தகட்டுக்கு அடியில் சின்ன மூக்கு, எண் இருபத்து நான்கு. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காப்பி குடிக்கப் போனேன்.

ஆபீஸில் எனக்கு எக்ஸ்ரே என்று பெயர். நானாக வைத்துக்கொண்டது இல்லை, ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. மற்றவர்கள் பக்கம் பக்கமாகப் படித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது, பகவதி படத்தை மட்டும் பார்த்தே சொல்லிடுவா என்பார்கள், நான் ஒன்றும் கேட்காததுபோல் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பேன், காது மட்டும் அங்கேயே இருக்கும். வீட்டில் இவர் சொல்வார், "ஊரான் கண்டுபிடிச்சதுக்கு நொட்டை சொல்றதுக்குச் சம்பளம் குடுக்கான், குடுத்து வச்சவ நீ." நொட்டை சொல்வதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டாமா என்பேன். ஞானதுரைக்கு அது இல்லை என்பேன். பக்கத்து மேஜை ஞானதுரை ஒருதடவை ஏதோ தண்ணீர்க் குழாயின் மூடியைக் கேமரா மூடி என்று நினைத்து மேற்கோள் காட்டிவிட்டான், அவ்வளவுதான், அவன் தலையைக் கண்டாலே நான், "என்ன துரை, குழாயில போட்டோ புடிச்சாச்சா?" என்று ஆரம்பித்துவிடுவேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு கொஞ்ச காலம் அவன் எங்களோடு சாப்பிட வராமல் டப்பாவைத் தன் மேஜையிலேயே திறந்துகொண்டான், வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. அப்படி நினைத்ததாக வைத்துக்கொண்டேன். அவன் தப்பு குழாய் என்றாலும் மேற்கோளை அன்றைக்கே திரும்பப் பெற்றான், கன்ட்ரோலர் அறைக்கு நேராகப் போய், சார் நான் முட்டாள்தனமாகப் பார்த்துவிட்டேன் என்றான், அதையும் சொல்லிச் சிரித்தோம். இன்று நானும் கன்ட்ரோலர் அறைக்குப் போனேன். போனேன், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஜெயசிங் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் குறிப்பைத்தான் படித்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்கும்மா. படத்தப் பாத்தாலே போதும், வேற விளக்கமே வேண்டாம். அந்த ஏஜென்ட் ரிஷிகேசன் என்ன பேசிருவான் இதுக்கு மேல?" என்றார். நான் நின்றேன். மேஜைமேல் அவருடைய டீ ஆடை கட்டியிருந்தது. "என்னம்மா, வேற எதாவது உண்டா?" இல்ல சார், உங்க டீ ஆறிப்போச்சு என்றேன். டீ ஆறிப்போச்சு. இத்தனை படித்து, இத்தனை வருஷம் வேலை பார்த்து, அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்துவிட்டார்கள். கட்டங்கள் நாலாகின. ஒன்றில் ஜெயசிங் சார், தொண்டையைச் செருமிக்கொண்டு. ஒன்றில் மாரப்பனின் பேட்டன்ட் ஏஜென்ட் ரிஷிகேசன், கறுப்பு கோட்டு, பின்னால் நிஜமில்லாத புத்தக அலமாரி, தலையை ஆட்டினால் காது பாதி மறைந்து மறுபடி முளைக்கிறது. இன்னொன்றில் பட்டறையை ஒட்டிய ஏதோ அறை, சந்தனம் வைத்த சாமி படம், எங்கேயோ பிரஸ் மெஷின் விட்டுவிட்டு அடிக்கிற சத்தம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பேர். ஒருவர் எழுந்து கும்பிடுகிறார், எழுந்ததில் தலை காமிராவுக்கு மேலே போய்விட்டது, கும்பிட்ட கைகள் மட்டும் தெரிகின்றன. "உக்காருங்க, உக்காருங்க," என்கிறார் சார். "வணக்கமுங்க ஐயா, நான் மாரப்பனுங்க. வணக்கமுங்க மேடம். இவரு என்ற மச்சான் நாச்சிமுத்து, எங்க அக்கா ஊட்டுக்காரரு, கம்பெனில பாதி இவர்துங்க." மச்சான் கும்பிடவில்லை, தலையை ஒரு அங்குலம் அசைத்தார், மாரப்பன் பக்கம் திரும்பாமலே. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம். எனக்கு எதற்கு வணக்கம். என் பெயருக்குக் கீழே எக்ஸாமினர் என்று போட்டிருக்கிறது, அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரிந்திருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற ஆள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும். இப்படி வேண்டிக்கொள்கிறேனே, என்ன பிறவி நான்.

ரிஷிகேசன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், மரியாதையாகச் சமர்ப்பிக்கிறோம், மரியாதையாகச் சமர்ப்பிக்கிறோம் என்று வாக்கியத்துக்கு வாக்கியம். இவர் கண்டுபிடித்திருப்பார் என்று ஒரு நப்பாசை எனக்கு. காசு வாங்கிக்கொண்டுதானே வருகிறார், அந்த ஜப்பான் எழுத்தை ஒருதரம் புரட்டியிருப்பார், இருபத்து நான்கு வெட்டி எறியப்படும் துண்டு என்று மேஜையைத் தட்டிச் சொல்வார், சார் என்னை ஒரு பார்வை பார்ப்பார், காது சுடும், அத்தோடு போகும். யாராவது என்னைப் பிடித்துவிட மாட்டார்களா என்று இருந்தது, நானாகப் போய் நிற்பதைவிடப் பிடிபடுவது எளிது. ஆனால் அவர், "டி ஒன் ஆவணத்தில் தடுப்பு இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை," என்றார். டி ஒன் என்பது அந்த ஜப்பான் ஆவணம், மறுக்கவில்லையாம். அவரும் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். படத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார், என் வாக்கியத்தைப் பார்த்திருப்பார், எக்ஸாமினர் எழுதியிருக்கிறாள், இருக்கும் என்று. ஆகவே முதல் கிளைமைத் திருத்திக்கொள்கிறோம் என்கிறார். முதல் கிளைம்தான் வேலி, இந்த இடம் என்னுடையது என்று கண்டுபிடித்தவர் சுற்றிப் போடுவது. பெட்டிச் சுவரிலிருந்து மடித்த எந்த உதடும் என்று மாரப்பன் போட்டிருந்த வேலியைப் பிடுங்கி, தகட்டின் கனம் இவ்வளவு இருந்தால், மடிப்பு இத்தனை டிகிரி இருந்தால் மட்டும் என்று ஒரு துளசிச் செடியைச் சுற்றி நடுகிறார். நாளைக்கே ஒரு பெரிய கம்பெனிக்காரன் ஒரு டிகிரி கூட்டி மடித்து லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளுவான், மாரப்பன் ஒன்றும் கேட்க முடியாது. சார் தலையாட்டுகிறார், வேலை சீக்கிரம் முடிகிற தலையாட்டல். இப்போது சொல்லலாம். எக்ஸாமினர் தானாகப் பேசும் வழக்கம் இல்லை, கேட்டால்தான் பேச வேண்டும். எழுதி அனுப்பலாம். சாருக்கு மட்டும் போகிற கட்டத்தில், சார் ஒரு நிமிஷம், என்று தட்டினேன். அழித்தேன். சார் டி ஒன் பற்றி, என்று தட்டினேன். கோடு மினுக் மினுக்கென்று காத்துக்கொண்டிருந்தது. மறுபடி அழித்தேன், அவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டால் என்ன செய்வது என்று. நாளைக்கு ஞானதுரை வந்து மேஜைமேல் கையை ஊன்றி, என்ன எக்ஸ்ரே, என்று கேட்டால். அவன் கேட்க மாட்டான். அவன் கேட்க மாட்டான் என்பதை நினைத்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

"ஐயா, நான் ஒன்னு சொல்லலாங்களா?" மாரப்பன். ரிஷிகேசன், சார் நான் பேசிக்கிறேன், நீங்க இருங்க என்று தடுக்கிறார். "இல்லீங்க, ஒரே ஒரு வார்த்தைங்க. நான் காப்பி அடிக்கலீங்க ஐயா. அந்தச் சப்பான் படத்த உங்க லெட்டரு வந்தப்பறந்தான் கண்ணுல பாத்தேன். சாமி சத்தியமா அதுக்கு முன்னால பாத்ததில்லீங்க." கையில் எதையோ காமிராவுக்கு முன்னால் நீட்டுகிறார், விரல் பெரிதாகி, அதன் நுனியில் மஞ்சளாக ஒரு மங்கல். அதுதான் டெர்மினல். "இத அடிக்கற டை அச்ச மட்டும் எத்தனை தடவ மாத்திருப்பேன்னு எங்க பசங்களக் கேளுங்க. மடிச்சா வெடிக்கும், வெடிச்சா மறுபடி. தீவாளிக்குக்கூட டையத்தான் தேச்சுட்டு இருந்தேன்." சார் தமிழுக்கு வந்தார். "மிஸ்டர் மாரப்பன், நீங்க திருடுனீங்கன்னு யாரும் சொல்லல. ஏற்கெனவே இருக்குன்னுதான் இங்க சொல்லிருக்கு. ரெண்டும் வேற வேற." "எங்கூர்ல ரெண்டும் ஒன்னுதானுங்க ஐயா," என்றார் மாரப்பன். பிரஸ் மெஷின் நின்றிருந்தது, யாரோ அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. "மச்சான் லெட்டரப் படிச்சுப்போட்டு, பட்டறைல எல்லாரும் நிக்கறப்ப, சப்பான்காரன்து எடுத்துப்போட்டு உன்றதுன்னு ஊர ஏமாத்தறயான்னு கேட்டுப்போட்டாருங்க. அன்னைல இருந்து பேச்சு இல்லீங்க. அக்காளும் வாரதில்ல. இந்தப் பேட்டண்டு வந்தாலும் செரி, வராட்டிப் போனாலும் செரிங்க, நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்த நீங்க சொன்னீங்கன்னாப் போதும்." மச்சான் முதல்முறையாக வாயைத் திறந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சீல் வச்சு வந்திருக்குதல்லங்க. கவருமெண்டு பாக்காமயா எழுதும்?"

கவர்மெண்ட் பார்க்காமலா எழுதும். எனக்கு உள்ளங்கால் குளிர்ந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவது என் வழக்கம், தரை பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு குளிர், அங்கேயிருந்து ஏறி முழங்காலில் நின்றது. கவர்மெண்ட் பார்க்கவில்லை ஐயா. கவர்மெண்ட்டுக்கு அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனார் மகள் வளைகாப்பு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது, பட்டுப்புடவைக்கு ஏற்ற வளையல் வாங்கவில்லை என்கிற யோசனை. இல்லை, அதைச் சாக்குச் சொல்லக் கூடாது, வளைகாப்பு இல்லாவிட்டாலும் நான் அந்தப் பக்கங்களைத் திறந்திருக்க மாட்டேன். திறக்காமலே சொல்லத் தெரியும் என்பதுதானே என் கெட்டிக்காரத்தனம். ஒரு வாக்கியம் எழுதினேன், கோயம்புத்தூரில் ஒரு அக்கா தம்பி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் என் அண்ணனிடம் பேசாமல் இருந்தால் ஒரு வாரம் தாங்க மாட்டேன். அந்த அக்கா எப்படி இருப்பாள், தடித்த மூக்குத்தி, தம்பி மாதிரியே நீள முகமாக இருக்கலாம், கல்யாணத்தில் அவள்தான் தம்பிக்கு மாலை எடுத்துக் கொடுத்திருப்பாள், என்னத்துக்கு அவள் முகத்தையெல்லாம் உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "எக்ஸாமினர்," என்றார் சார், "முடிக்கறதுக்கு முன்னால நீங்க எதாவது சொல்லணுமா?" இது சும்மா கேட்கிற கேள்வி, எல்லா ஹியரிங்கிலும் கடைசியில் கேட்பார், எல்லா ஹியரிங்கிலும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான். அது தானாக வந்துவிட்டது, கூடவே தலையும் ஆடியது. "நோ சார்." வந்த பிறகுதான் கேட்டது. சொல்வதற்கென்று வாசலைத் திறந்துவிட்டார்கள், நானே போய்ச் சாத்திவிட்டு வந்தேன். மூலையில் அவள் உட்கார்ந்திருந்தாள், பொட்டு ஒதுங்கி, லட்சணமாக. எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

"அப்ப, ஏஜென்ட் ஒத்துக்கிட்டபடி கிளைம் ஒன்றைத் திருத்தறதா பதிவு பண்ணிக்கலாமா?" என்று சார் கேட்கிறார். மாரப்பன் கையிலிருந்த டெர்மினலை மூடிக்கொண்டார். மூடிய கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஏதோ கேட்கப் போய் வேண்டாம் என்று விட்டவர் மாதிரி ஏஜென்ட்டைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. ஞானதுரை அன்றைக்குச் சிரித்தது இப்படித்தான். நான் பேச ஆரம்பித்துவிட்டேன். சார், மன்னிக்கணும், தப்பு என்னோடது, டி ஒன் ஆவணத்தோட எழுத்தை நான் படிக்கவே இல்லை, படத்தைப் பார்த்து நானா முடிவு பண்ணினேன், இருபத்து நான்கு தடுப்பு இல்லை, வெட்டி எறியற துண்டு, மாரப்பன் செய்தது புதுசுதான், இன்னைக்குத்தான் பார்த்தேன், பார்த்தும் உங்க ரூமுக்கு வந்து சொல்லாமப் போனேன், இப்பக் கேட்டப்பகூட நோ சார்னு சொன்னேன். மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது, பரவாயில்லை, வரட்டும், இத்தனை நேரம் முதுகில் கிடந்ததை இறக்கிய மாதிரி ஒரு இலேசு. மற்ற மூன்று கட்டமும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஜெயசிங் சார் காதுக்குப் பக்கத்தில் விரலை ஆட்டினார். "பகவதி, மைக் ஆஃப்ல இருக்கு. ஒண்ணும் கேக்கல."

ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவும் எனக்கு மட்டும். என் வாய் அசைந்ததைப் பார்த்திருக்கிறார்கள், மீன் தொட்டிக்குள் பார்க்கிற மாதிரி. மைக்கை அமுக்கினேன். விரல் அமுக்குகிற அந்த இடைவெளியில், ஒரு கண்மூடித் திறக்கும் நேரம்தான், அதற்குள் எனக்குள் யாரோ வந்து உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு விட்டார்கள். "சார்," என்றேன், ஆபீஸ் குரல், தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்ட குரல், "டி ஒன் ஆவணத்தில் எண் இருபத்து நான்கு பற்றிய விளக்கப் பகுதியை விண்ணப்பதாரர் தரப்பு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அது முலாம் பூசியபின் வெட்டப்படும் பகுதி." விண்ணப்பதாரர் தரப்பு கவனிக்கவில்லை. நான் சொன்னேன் அதை. என் வாயால். சார் கண்ணாடியை இறக்கிப் பக்கத்தைத் தேடினார், தேடும்போது உதடு முணுமுணுத்தது, பிறகு நிமிர்ந்து, "ஏன் ரிஷிகேசன், இத உங்க பதில்லயே சொல்லிருக்கலாமே? இவ்வளவு தெளிவா இருக்கு!" என்று ஏஜென்ட்டைப் பிடித்துக்கொண்டார். ரிஷிகேசன் முகம் ஒரு நிறம் போய் ஒரு நிறம் வந்தது. "மன்னிக்கணும் சார், எங்க கவனக்குறைவு," என்றார். எங்க கவனக்குறைவு. என் கவனக்குறைவுக்கு அந்த ஆள் மன்னிப்புக் கேட்டார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன், தலையைக்கூட ஆட்டியிருப்பேன். ஆட்சேபணை நிற்காது, கிளைம் ஒன்று அப்படியே இருக்கட்டும் என்று சார் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது, மாரப்பனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் தெரியாது, வீட்டுக்குப் போகலாம், எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடலாம்.

மாரப்பன் எழுந்துவிட்டார், மறுபடி தலை மேலே போய்விட்டது, வெறும் சட்டையும் கும்பிட்ட கையும் பேசுகின்றன. "மேடம், நீங்க மகராசியா இருக்கோணும். நம்ம வக்கீலே பாக்கல, நீங்க பாத்துச் சொன்னீங்களே. உங்க கொழந்த குட்டியெல்லாம் நல்லாருக்கும்." உட்கார்ந்தார், முகம் வந்தது, கண் கலங்கியிருக்கிறது. "மச்சான், கேட்டீங்களா? மேடம், நீங்களே ஒரு வார்த்த இவருகிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க சொன்னா நம்புவாரு." மச்சான் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. நேராகக் காமிராவைப் பார்க்கிறார், கொஞ்சம் குனிந்து, காதை முன்னால் கொண்டுவந்து. சார் சிரிக்கிறார், வழக்கமில்லாத காரியம், ஆனால் சந்தோஷமான காரியம், சொல்லும்மா என்கிற சிரிப்பு. எனக்கு அந்த வாழ்த்து தாங்கவில்லை. குழந்தை குட்டி என்று சொல்லிவிட்டாரே. என் மகன் பெயரில் திருட்டுப் பொருளை வாங்கி உள்ளே வைத்த மாதிரி கூசியது, கழுத்தில், முதுகில், தோலுக்கு உள்பக்கம். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேனோ என்னவோ. மைக் எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. "அவர் யார்கிட்டருந்தும் எடுக்கலைங்க," என்றேன். "ஜப்பான்ல அது இல்லவே இல்ல. இருக்குன்னு தப்பா எழுதினது நான்தான். அந்த லெட்டர் நான் எழுதினது. படத்தை மட்டும் பார்த்து எழுதினேன், படிக்கல. இப்ப உங்க வக்கீல் மேல பழியைப் போட்டேன், அதுவும் நான்தான். தப்பு என்னோடதுங்க."

கேட்டது இந்தத் தடவை. எல்லோருக்கும் கேட்டது. ரிஷிகேசன் புத்தக அலமாரிக்கு முன்னால் காதோடு உறைந்திருந்தார். மாரப்பன் முகத்தில் சிரிப்பு போகவில்லை, போக வழி தெரியாமல் நின்றது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. "நீங்கதானுங்களா," என்றார். "அது கவருமெண்டு எழுதுனதுன்னு நெனச்சேனுங்க." கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ள என்று முகத்தைக்கூட நிமிர்த்தி வைத்திருந்தேன். அவர் தன் கையைப் பார்த்தார், அதைத் திறந்து டெர்மினலை மேஜைமேல் வைத்தார், "செரிங்க மேடம்," என்றார். சார் அவசரமாக, சரி, உத்தரவு முறைப்படி வரும், எல்லோருக்கும் நன்றி என்று மூட்டை கட்ட ஆரம்பித்தார், என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டாம் என்றே பேப்பர்களை அடுக்கினார். ரிஷிகேசனின் கட்டம் காணாமல் போயிற்று. நாச்சிமுத்து எழுந்து வாசல் பக்கம் போனார், மாரப்பனும் பின்னாலேயே, இரண்டு வெறும் நாற்காலிதான் திரையில், ஆனால் அவர்கள் மைக்கை அணைக்கத் தெரியாமல் விட்டுப் போயிருந்தார்கள். சத்தம் வந்தது. "பாத்தியா மாப்ள," இது மச்சான் குரல், உரக்க, எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்ட நிம்மதியில், "அந்தம்மா பாக்காம எழுதிப்போட்டு நம்ம குடும்பத்தையே இப்படிப் பண்ணிப்போட்டுது பாரு. வா, உன்ற அக்கா கையால சோறு திங்கப் போலாம்." செருப்புச் சத்தம் ஒன்று நின்றது. மாரப்பன் பேசியது மெதுவாக இருந்தது, நான் ஸ்பீக்கரிடம் காதை வைத்தேன், என் முகம் மூலையில் பெரிதாகி வழிந்தது. "அவங்க தப்ப அவங்க சொல்லிப்போட்டாங்க மச்சான். நீங்க இன்னுஞ் சொல்லல." அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. மெஷின்கூட இன்னும் ஓடவில்லை, யாரோ மூச்சை இழுப்பது மாதிரி இருந்தது, அல்லது நாற்காலி நகர்ந்தது. ஜெயசிங் சார் ஹியரிங்கை முடித்துவிட்டார், திரை சாதாரண நீலத்துக்குப் போய்விட்டது. நாச்சிமுத்து சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.